ஆட்டோ மாதிரி இருக்கேன்

காலேஜுல இருந்து பெட்டியக் கொண்டுவந்துட்டு, ஒத்தையாத் தரமாட்டேன்னா எப்படி தம்பி? செருப்பா இது, ஜோடியாத்தான் விப்பேன்னு சொல்லுததுக்கு? மொதல்ல உக்காருங்க. அந்த வலை மேல வேண்டாம், ஈரமாக் கெடக்கு, பேண்டு நாறிப்போவும். இந்தா, இந்த ஐசுப் பெட்டி மேல உக்காருங்க. காலியாத்தான் இருக்கு.

நீங்க சொன்னது எனக்கு விளங்காம இல்ல. எனக்கும் மூளை இருக்கு. இப்ப இந்தா பக்கத்துல கத்திக்கிட்டுக் கெடக்கே, இதையும் சேத்து இந்தத் துறையில உள்ள வயர்லெஸ் செட்டு எல்லாம் திறந்த வாய். ஒருத்தன் மைக்குல பொத்தான அமுக்கிட்டுப் பேசினா, விரல எடுக்கிற வரைக்கும் நாப்பது வள்ளம் கேக்கும். பூட்டு போடணும்னா ரெண்டு பேரும் கரையிலயே ஒரு பாஸ்வேர்டு பேசி வச்சிட்டுப் போவணும். பேசி வச்சா வெளிய போயிரும். உங்க பெட்டியில அது வேண்டாம். ரெண்டு பெட்டிக்கும் நடுவுல காத்துல அலை எப்படி முட்டி மோதி வருதோ, அத வச்சு இதுவே ஒரு சாவி செஞ்சுக்கிடும், அதுவும் அதே சாவியச் செஞ்சுக்கிடும். தள்ளி நிக்கிற மூணாவது பெட்டிக்கு வார அலை வேற, அதனால அவனுக்குச் சாவி கிடைக்காது. சரியாச் சொன்னேனா? பின்ன! காலேஜுக்குப் போனாத்தான் விளங்குமா?

ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. இத நானும் எங்க மாப்ளயும் பெட்டி இல்லாமலே செஞ்சோம். வெறும் வாயால செஞ்சோம். செஞ்சுதான் நாசமாப் போனோம்.

மாப்ளன்னா யாரு, எந்தங்கச்சி ஜெசிந்தா வீட்டுக்காரன். இஞ்ஞாசின்னு பேரு. அவனுக்கு ஒரு வள்ளம், எனக்கு ஒரு வள்ளம். கடலுக்குள்ள எங்களுக்குன்னு ஒரு பார் இருந்துச்சு. பார்னா தெரியுமா, தண்ணிக்கடியில கல்லுத்திட்டு. வேற யாருக்கும் தெரியாது. எடக்குறி எங்க ரெண்டு பேரு ஜிபிஎஸ்லதான், கூட வார ஆளுக்குத் தண்ணிதான் தெரியும். விளமீன் வந்து அடையும் பாருங்க, அள்ளிக்கிட்டே இருக்கலாம். தினமும் அடையாது, அதான் சிக்கல். ஒரு நாளு அவன் போயிப் பாப்பான், மறுநாளு நான். மீன் இருந்தா மத்தவனக் கூப்பிடணும். எப்படிக் கூப்பிட? வயர்லெஸ்ஸுல வாயத் தொறந்தா தொம்மை காதத் தீட்டிட்டு இருப்பான்.

தொம்மையா? அவனும் வள்ளக்காரன்தான். நம்ம வாயப் பாத்தே வயிறு வளக்கிறவன்.

மொதல்ல நாங்களும் எல்லாரையும் மாதிரி பாஸ்வேர்டுதான் வச்சோம். "அத்தை வந்திருக்கா"ன்னா மீன் இருக்கு. "அத்தை ஊருக்குப் போயிட்டா"ன்னா இல்ல. நல்லாத்தான் ஓடுச்சு. கிறிஸ்மஸ் கழிஞ்சா கடலாளு, அதான் கூட வலை இழுக்க வாரவன், எல்லாரும் வள்ளம் மாறுவான் இல்லையா, அது இங்க வழக்கம். இந்த வருஷம் எங்கிட்ட, அடுத்த வருஷம் தொம்மைகிட்ட. எங்கிட்ட இருந்தவன் போயி, தொம்மை வள்ளத்துல கால வச்ச அன்னைக்கே அத்தை விஷயத்தச் சொல்லிட்டான். மறுநாளு நான் "அத்தை வந்திருக்கா"ங்கேன், தொம்மை மைக்குல, "எங்களுக்கும் அத்தைதான் அண்ணே, நாங்களும் பாக்க வாரோம்"ங்கான்! கடல் பூரா சிரிப்பு. எனக்கு மைக்கத் தூக்கித் தண்ணிக்குள்ள எறியலாமான்னு வந்துச்சு.

அத்தைய மாத்தி சித்தின்னு வச்சோம். அதுவும் போச்சு. ராசாத்தின்னு வச்சோம். எம்பொண்டாட்டி ரெண்டு நாளு எங்கூடப் பேசல. என்ன வச்சாலும் வச்சது வெளிய போயிரும் தம்பி. வள்ளத்துல நாலு பேரு இருக்கான், நாலு பேருக்கும் பொண்டாட்டி இருக்கா.

அப்பதான் இஞ்ஞாசி ஒரு யோசனை சொன்னான். அவன் ரொம்பப் பேசமாட்டான், பேசினா ஒண்ணு இருக்கும். "மச்சான், எதையும் முன்கூட்டிப் பேசி வைக்க வேண்டாம். நாம ரெண்டு பேரும் ஒண்ணா இருந்த ஏதாவது ஒண்ண அப்பப்ப எடுத்துச் சொல்லுவோம். எல்லாரும் கேக்கட்டும். அங்க நின்னவனுக்குத்தான் விளங்கும்"னான்.

மொத நாளு கூப்பிட்டான். "மச்சான், பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு உங்க வீட்டுல குடுத்த காப்பி மாதிரி இருக்கு"ன்னான். எனக்குச் சிரிப்பு தாங்கல. எங்கம்மா அன்னைக்குப் பதட்டத்துல தூளே போடாம வெந்நியக் குடுத்துட்டா. அவனும் மடக்கு மடக்குன்னு குடிச்சான். அப்ப என்ன அர்த்தம்? வெறும் தண்ணி. மீன் இல்ல. எனக்கு ஒரு நொடியில விளங்கிட்டு. தொம்மைக்கு எப்படி விளங்கும்? காப்பி நல்லா இருந்துச்சா, நாசமா இருந்துச்சா, அவனுக்கென்ன தெரியும்? பாவம், எங்கன்னு தெரியாம ரெண்டு கேன் எண்ணெய எரிச்சு ஓடிப்போயி வெறும் வலையோட வந்தான். சாயங்காலம் தொம்மை பொண்டாட்டி எங்கம்மாகிட்ட வந்து, "பெரியம்மா, ஒங்க வீட்டுக் காப்பியப் பத்தி எல்லாரும் பேசுதாங்களே"ன்னு நூல் விட்டுப் பாக்கா! அதனால ஒருக்கா சொன்னத மறுக்கா சொல்லக்கூடாதுன்னு வச்சுக்கிட்டோம்.

என்ன ஒரு காலம் தம்பி அது. பெருமைக்குச் சொல்லல. "சூசையப்பர் திருநாள்ல நீ வழுக்கி விழுந்த பக்கம்"பான். கோயில்ல தெக்குப் படி. பாருக்குத் தெக்கால வலை விட்டுருவேன். "எங்கப்பா உன்ன வெரட்டுன மாதிரி"ம்பேன் நான். காத்து பலமா வருது, சுருட்டிட்டு ஓடுன்னு அர்த்தம். ஓடிருவான். கடல்ல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருப்பான், ஒருத்தனுக்கும் ஒரு எழவும் விளங்காது. நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒரு ரூமுக்குள்ள கதவ அடைச்சிட்டுப் பேசுத மாதிரி இருக்கும்.

அதுதான் உங்க பெட்டியும் செய்யுதுங்கீங்க. சரி. அப்ப ஒண்ணு கேக்கேன். இதுக்குக் கேட்டதும் அதுக்குக் கேட்டதும் கொஞ்சம் மாறிப்போச்சுன்னு வைங்க. அப்ப என்னாவும்?

என்னது? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் பாத்துக்கிடுமா? ஒத்து வரலேன்னா அதத் தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து கேக்குமா? ஒத்து வார வரைக்குமா? அடேங்கப்பா. பெட்டிக்கு இருக்கிற பொறுமை மனுசனுக்கு இல்லையே! அதத்தான் நானும் சொல்லுதேன். இஞ்ஞாசி ஒருக்கா திருப்பிக் கேட்டிருந்தா முடிஞ்சு போச்சு. கேக்கலியே! பழி பூரா எந்தலையில.

நடந்தத நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்க. நீங்க அசலூரு, உங்களுக்கு யாரு பக்கமும் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தி, நோம்பு காலம். அவன் பாருக்குப் போயிருந்தான். நான் கரைக்குப் பக்கத்துல சும்மா வலை விட்டுட்டு நிக்கேன். மேக்க இருந்து கச்சான் காத்து லேசா எடுக்கு. வயர்லெஸ்ஸுல அவங்குரல். "மச்சான், அமலன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமே, அந்த ஆட்டோ மாதிரி இருக்கேன்."

அமலன் அவங்க மூத்த பிள்ளை. எட்டு மாசத்துல காய்ச்சல் கண்டு தவறிப்போயிட்டு. அது வேற விஷயம், அதுக்கு இப்பப் போவ வேண்டாம்.

நான் யோசிச்சேன். யோசிக்காம ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு அந்த ஆட்டோவுல யாரெல்லாம் ஏறுனா? இஞ்ஞாசி, ஜெசிந்தா மடியில பிள்ளை, எங்கம்மா, பக்கத்து வீட்டு ரோசம்மா, டிரைவர் பக்கத்துல ரோசம்மா மவன். மூச்சுவிட எடம் இல்ல. நானே பாத்தேம்லா, ஏத்தி விட்டதே நான்தான். ஏத்திவிட்டுட்டு, "நான் முன்னால போயி டோக்கன் எடுத்து வைக்கேன், நீங்க வாங்க"ன்னு பைக்குல பறந்துட்டேன். அப்ப ஆட்டோ மாதிரின்னா என்ன அர்த்தம்? நெறஞ்சு வழியுது. மீனு! வள்ளம் கொள்ளல! வேற என்ன அர்த்தம் வரும்? நீங்கதான் சொல்லுங்களேன்.

மைக்க எடுத்தேன். "ரொம்ப நல்லது மாப்ள! சந்தோசம்! நீ மெதுவா வா, நான் முன்னால போயி ஐசு சொல்லி வைக்கேன்!"

அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லல. வாய்க்கு வாய் மாப்ளன்னுதான் சொன்னேன். அவன் பதிலே பேசல. சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நெனச்சேன்.

கரைக்கு வந்தேன். ஐசு சொன்னேன். கொஞ்சமா நஞ்சமா, வண்டி நெறைய. ஏலக்காரனப் புடிச்சு உக்கார வச்சேன். "இன்னைக்கு வாரது பாரும்"னு நாலு பேருகிட்ட பீத்திக்கிட்டேன். வெயில் சாஞ்சுச்சு, அவன் வரல. ஏலக்காரன் எந்திரிச்சுப் போயிட்டான். ஐசு உருகி என் கால நனைக்கு. இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பெட்டிதான். எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இவ்வளவு ஏற்பாடு பண்ணி வச்சா, ஆடி அசைஞ்சு வாரானேன்னு. ராத்திரியும் தங்கி அள்ளுதான் போலன்னு, வீம்புக்குக் கூப்பிடவும் இல்ல.

மறுநாள் காலையில வந்தான். தொம்மை வள்ளம் கயறு போட்டு இழுத்துட்டு வருது. பின்னால இவன் வள்ளம், வாயில்லாத மாடு மாதிரி. எஞ்சின் நின்னு போயிருக்கு தம்பி! பார் மேல நிக்கும்போதே நின்னு போயிருக்கு. நின்னுட்டுன்னு திறந்து சொன்னா ஆபத்துன்னு நாலு வள்ளம் ஓடி வரும், வந்தவன் பாரப் பாத்துருவான். அதனால எங்கிட்ட மட்டும் சொல்லுதானாம். ஆட்டோ மாதிரி இருக்கேன்னு. நான் ரொம்ப நல்லது, சந்தோசம்னுட்டேன்.

அதுக்கப்புறமாவது திருப்பிக் கூப்பிட வேண்டாமா? கூப்பிடல! அவங்கூடப் போன கடலாளு சொன்னான். நான் பேசினதக் கேட்டுட்டு, மைக்க எடத்துல மாட்டிட்டு, வள்ளத்து முன்பக்கம் அணியத்துல போயி மொகத்தத் திருப்பிட்டு உக்காந்துட்டானாம். ஒருத்தனையும் மைக்கத் தொட விடலியாம். ராத்திரி பூரா காத்து இழுத்த பக்கம் போயிருக்காங்க. விடியக் கருக்கல்ல அந்தப் பக்கமா வந்த தொம்மை கண்ணுல பட்டதால பொழச்சாங்க. தொம்மையக் குத்தம் சொல்லக்கூடாது. கடல்ல நிக்கிறவனுக்குக் கயறு போடலேன்னா அவன் மனுசனே இல்ல. கயறும் போட்டான், அப்படியே காத்து இழுத்துட்டு வந்த வழிய வச்சுப் பின்னால தேடி எங்க பாருக்கு ஜிபிஎஸ்ல புள்ளியும் போட்டுக்கிட்டான். இப்ப துறையே அங்கதான் வலை விடுது. போயிட்டு, எங்க பாரு போயிட்டு.

பாரு போனாப் போவுது. இஞ்ஞாசி எறங்குனான் தம்பி. நான் அவனுக்காக ஐசுப் பெட்டி மேல உக்காந்திருக்கேன், ஏன் இவ்வளவு நேரம்னு கேக்க வாயெடுக்கேன். எம்பக்கத்துல கூடித்தான் நடந்து போனான். இந்தா, இவ்வளவு பக்கத்துல. ஏறிட்டுப் பாக்கல. அன்னைக்கு மூடுன வாய்தான். மாதா திருநாள் வரப் போவுது, இன்னும் தொறக்கல.

நான் விடுவேனா? வீட்டுக்கே போனேன். ஜெசிந்தா வாசல்ல நின்னு மறிக்கா. சொந்த அண்ணன! "அந்த ஆட்டோ பாதியில நின்னு போச்சு, ஒனக்குத் தெரியுமா தெரியாதா"ங்கா. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் முன்னால போயிட்டேனே! "அங்க இருந்து பிள்ளையத் தோள்ல போட்டுட்டு அவரு ஓடுனாரு. நாங்க பின்னால ஓடுனோம். நீ ஒரு வார்த்தை கேட்டியா? ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு, எங்க மேஞ்சுட்டு வாரீங்க, டோக்கன் போச்சேன்னு தானே கேட்ட"ங்கா.

ஆமா, கேட்டேன். டோக்கனுக்கு நிக்கிறவனுக்குத்தானே அதோட அருமை தெரியும்! நான் அங்க நர்சு கால்ல விழாத குறையா நிக்கேன், இவங்களக் காணும். கோவம் வராதா? அவனுக்கு வேர்த்து ஊத்துச்சு, பாத்தேன். அத்தன பேரு நெருக்கிட்டு வந்தா வேர்க்கத்தானே செய்யும்? ஜெசிந்தா கால்ல செருப்பு இல்ல, அதையும் பாத்தேன். பதட்டத்துல மறந்துட்டான்னு நெனச்சேன். ஆட்டோ நின்னு போச்சுன்னு ஒரு வார்த்தை அவங்க சொல்லலாம்லா? நான் கேக்காட்டா சொல்லக் கூடாதுன்னு சட்டமா? இத்தன வருசமா மனசுக்குள்ள வச்சிருந்து, நடுக்கடல்ல வச்சு எடுத்து விட்டா நான் என்ன ஜோசியக்காரனா?

நாங்க ஒண்ணா இருந்தத மட்டும் சொல்லணும்னு யோசனை சொன்னவன் அவன். நான் அந்த ஆட்டோவுல இல்லியே. அப்ப அது யாரு தப்பு?

சரி விடுங்க. வந்த காரியத்துக்கு வாரேன். ஒரு பெட்டி எனக்கு. இன்னொண்ண நீங்க இஞ்ஞாசிகிட்ட கொண்டுபோயிக் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. காலேஜ்ல இருந்து வந்திருக்கேன், நல்ல சாமான்னு பொதுவாச் சொல்லுங்க. அவன் வாங்கிட்டான்னா பொறவு எம்பெட்டியும் அவம்பெட்டியும் தன்னால பேசிக்கிடும்லா. அப்படியே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாங்க. அந்த ஆட்டோ எந்த எடத்துல நின்னுச்சு? சும்மாதான். தெரிஞ்சுக்கிடலாம்னு. ஜெசிந்தாகிட்ட கேட்டேன், கதவ அடைச்சிட்டா. எங்கம்மாவுக்கு ஞாபகம் இல்ல. அந்த ரோட்டுல போறப்பல்லாம் பாக்கேன், இந்த எடமா, அந்தப் பாலமா, இல்ல அந்தப் பெட்ரோல் பங்கா இருக்குமோன்னு. கண்ணு தன்னால போவுது. வண்டி ஓட்ட முடியல தம்பி.

ஏன் கேக்க மாட்டீங்க? ஒரு கேள்விதானே. என்ன பெரிய இவரு மாதிரி! "அத நான் கேக்கக் கூடாதுண்ணே, நீங்கதான் கேக்கணும்"ங்கீங்க. ஆமா, இதச் சொல்ல உங்களுக்குப் பெட்டி ஒரு கேடு! யாரும் எனக்கு உதவாதீங்க. ஜெசிந்தாவும் கதவ அடைக்கட்டும், நீங்களும் வாய அடைங்க.

நான் கேக்க மாட்டேன்னு நெனச்சீங்களா? பயந்தவன்னு நெனச்சீங்களா? இந்தா அவன் கடல்லதான் இருக்கான், இந்தா செட்டு. நாப்பது வள்ளமும் கேக்கட்டும். தொம்மையும் கேக்கட்டும். எவன் கேட்டா எனக்கென்ன.

"இஞ்ஞாசி... இஞ்ஞாசி... மாப்ள, நான் கஸ்பார் பேசுதேன். அந்த ஆட்டோ எங்க நின்னுச்சு?"

பாத்தீங்களா, பேச மாட்டான். எனக்குத் தெரியும். அங்கேயும் எல்லாப் பயலும் கம்முன்னு ஆயிட்டான், இவ்வளவு நேரம் கச்சேரி நடந்துச்சு. இருங்க... இருங்க, சத்தம் வருது.

கேட்டீங்களா? "இப்ப எதுக்குக் கேக்க"ங்கான். இத்தன மாசம் கழிச்சுப் பேசுதான், என்ன பேச்சுன்னு பாத்தீங்களா, இப்ப எதுக்குக் கேக்கவாம்! இருங்க, நாலு வாங்கு வாங்குதேன். மைக்கக் குடுங்க இங்க.

"மாப்ள..."

என்னத்தச் சொல்லட்டும் தம்பி? எதுக்குக் கேக்கேன்னா என்ன சொல்ல? ஞானஸ்நானத்துக்கு அந்தப் பிள்ளையக் கையில ஏந்துனவன் நான். ஞானத்தகப்பன். எஞ்சட்டையில வாயொழுக்கிட்டே இருக்கும். ஆட்டோ நின்னு போச்சு, இவன் ரோட்டுல ஓடி வாரான்னு தெரிஞ்சிருந்தா பைக்கத் திருப்பி இருக்க மாட்டேனா? பிள்ளைய நெஞ்சோட அணைச்சுப் பறந்திருக்க மாட்டேனா? டோக்கன் வாங்கிட்டு நிக்கேன் தம்பி அங்க, பெரிய கெட்டிக்காரன் மாதிரி... அத எப்படி இவங்கிட்டச் சொல்ல? கடலே கேட்டுட்டுக் கெடக்கு, இதுல எப்படிச் சொல்ல முடியும்?

என்ன தம்பி? பேசிட்டு இருக்கிறவன்கிட்ட என்னத்துக்குக் கையக் காட்டுதீங்க? விரலா? என் விரலுக்கு என்ன?

ஐயோ மாதாவே. பொத்தான அமுக்கிட்டா இருக்கேன்?